புருவத்தில் ஒரு கோடு

நான் எடுத்த படங்களைக் கெடுத்தது யாருன்னு கேட்டா, ஒரே ஒரு ஆளைத்தான் கை காட்டுவேன். கரையான்சாவடி மெயின் ரோட்டுல நாங்க வேலை பார்த்த ஸ்டுடியோவில், உள் ரூம்ல, ஏசிக்கு நேர் கீழே சால்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்த கரெக்‌ஷன் அக்கா. பேர் சொல்ல மாட்டேன். கடையிலயும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளிக்கும் அக்கா, கொரியர்காரனுக்கும் அக்கா. என்னை அவங்க கூப்பிட்டது ‘கேமரா’. எனக்கும் ஒரு பேர் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாங்கிறதே சந்தேகம். இப்போ அந்த இடத்துல செல்போன் ரிப்பேர் கடை இருக்கு. வண்டியில போகும்போது என்னையறியாம அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. படம் ஷார்ப்பா இருக்கணும். கண் இமை முடி ஒவ்வொண்ணும் தனியாத் தெரியணும். பொண்டாட்டி வளையலை அடகு வெச்சு லென்ஸ் வாங்கினவன் நான். அதுக்கு இன்னி வரைக்கும் வீட்டுல பேச்சு வாங்கிட்டிருக்கேன். அப்படி உயிரைக் கொடுத்து எடுத்துட்டு வந்து மெமரி கார்டை நீட்டினா, அக்கா செய்யற முதல் வேலை ஷார்ப்னெஸைக் குறைக்கிறது. அடுத்தது காண்ட்ராஸ்ட். மூக்கோர நிழல், தாடைக் கோடு, கன்னத்துல இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் கரைஞ்சு, முகம் பால் மேல படிஞ்ச ஆடை மாதிரி ஆயிடும். மவுஸை இழுக்கும்போது வாய்க்குள்ளயே சொல்லிக்குவாங்க, “மூச்சு வுடட்டும்”னு.

ஆவடியில ஒரு கல்யாணம். பொண்ணுக்கு நல்ல கருப்பு நிறம், நல்ல முகவெட்டு. ஜன்னல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்தேன் பாருங்க, அந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணுதான் விழும். மறுநாள் பார்த்தா அக்கா அதையும் மழுக்கி வெச்சிருக்காங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் என்ன தூக்கத்துலயா படம் எடுக்கிறேன், எதுக்கு இப்படி அழிக்கிறீங்கன்னு சண்டைக்குப் போயிட்டேன். அவங்க திரும்பிக்கூடப் பார்க்கலை.

“உயிரோட கீற மொகம் ஆடிகினே இருக்கும் கேமரா,” ன்னாங்க. “நீ எடுத்தா ஆடாம நிக்குது. பாத்தா எனக்கு பயமா கீது.”

இந்தம்மாவுக்கு மறை கழண்டுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். காரணம் அப்புறம்தான் தெரிஞ்சது. இந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, வேற ஒரு ஸ்டுடியோவில அவங்களுக்குச் சாவுப் படம்தான் முக்கால்வாசி வேலை. உயிரோட இருந்தப்ப ஒரு நல்ல போட்டோகூட எடுத்துக்காதவங்க ஊருக்குள்ள நிறைய பேர். அந்த வீட்டுல சாவு விழுந்தா, ஐஸ் பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஸ்டுடியோக்காரனைக் கூப்பிட்டு முகத்தை எடுக்கச் சொல்வாங்க. மீதி எல்லாம் கரெக்‌ஷன்ல. மூக்குல இருக்கிற பஞ்சை எடுக்கணும், நெத்திக் காசை எடுக்கணும், தாடையைக் கட்டியிருக்கிற துணியை எடுக்கணும், ஒரு சட்டை போட்டுவிட்டு நாற்காலியில உட்கார வைக்கணும். கடைசியா கண்ணைத் திறக்கணும். செத்தவங்க முகம் மாதிரி ஷார்ப்பா விழற முகம் வேற கிடையாது, அசையாது இல்லையா. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, ஆள் இப்பத்தான் மூச்சு விட்டார்ங்கிற மாதிரி கொண்டு வர்றதுதான் அக்காவோட கைவேலை. அங்க பழகின கைதான் இங்க வந்து கல்யாணப் பொண்ணுங்க முகத்துலயும் அதையே செஞ்சது.

எங்க கடைக்கும் எப்பவாவது, வேற யாராவது எடுத்த சாவுப் படம் கரெக்‌ஷனுக்கு வரும். சரி, திறக்கிற கண்ணு எங்கேருந்து வரும்? அதை நான் கேட்காமலே தெரிஞ்சுக்கிட்டேன். பூந்தமல்லியில ஒரு வீட்டுல மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஹால்ல மாலை போட்ட பெரியவர் படம் ஒண்ணு. நான் எந்தப் பக்கம் கேமராவைத் தூக்கினாலும் அவர் என்னையே பார்க்கிறார். எனக்கு வலது கண்ணு இமை லேசாத் தொங்கும், சின்ன வயசுலேருந்தே. அவருக்கும் அதே பக்கம், அதே அளவு. கிட்டப் போய்ப் பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், என் கண்ணு. அந்த வீட்டம்மா பக்கத்துல வந்து நின்னு, மாமனார் சாகற வரைக்கும் போட்டோவே எடுக்க விடலைன்னும், ஆனா படத்துல கண்ணு மட்டும் அச்சு அசல் அவர் கண்ணுதான்னும் சொல்லி மூக்கை உறிஞ்சுக்கிட்டாங்க.

கடைக்கு வந்து கத்தினேன். அக்கா சிரிக்கிறாங்க. லைட் பார்க்கிறதுக்காக நானே என்னை எடுத்து வெச்ச படங்கள்லேருந்து எடுத்தாங்களாம். நல்ல கண்ணு, வீணாப் போகக் கூடாதுன்னு. என் பொண்டாட்டிகிட்ட சொன்னா, உயிரோட இருக்கும்போதே மாலை விழுந்துடுச்சான்னு அவளும் சிரிச்சா. எனக்குத்தான் சிரிப்பு வரலை. ரொம்ப நாள் கண்ணாடியில முகம் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

அக்காவுக்கு ஒரே பொண்ணு. திருநின்றவூர்ல வாடகை வீடு, புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் வேலை. ஸ்கூல் லீவு நாள்ல பாப்பாவைக் கையோட கூட்டிக்கிட்டு ரயில்ல ஆவடி வந்து, அங்கேருந்து பஸ் பிடிச்சுக் கடைக்கு வருவாங்க. ஒரு இடத்துல நிக்காத பொண்ணு. கஸ்டமர் உட்கார்ற சுழல் ஸ்டூல்ல ஏறிச் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு தடவை சைக்கிள்லேருந்து கேட் மேல விழுந்து இடது புருவம் கிழிஞ்சு தையல் போட்டாங்க. தழும்புல முடி முளைக்கலை. அதனால அந்தப் புருவம் நடுவுல ஒரு கோடு விழுந்து ரெண்டாத் தெரியும். சிரிச்சா வெளிப் பாதி மட்டும் தனியா மேலே தூக்கும், நம்மளைக் கிண்டல் பண்ற மாதிரி. அந்தப் புருவத்தைப் பார்க்கிறதுக்காகவே நான் அதுகிட்ட ஏதாவது அசட்டு ஜோக் சொல்வேன்.

ஸ்கூல் திறக்கிற சமயம் ஐடி கார்டுக்குப் படம் கேட்டாங்க. நான்தான் எடுத்தேன். அருமையா விழுந்தது. அக்கா அதைத் திறந்து வழக்கம் போல எல்லாத்தையும் குறைச்சாங்க. அப்புறம் புருவத்துல இருந்த கோட்டைப் பக்கத்து முடியை எடுத்து மூட ஆரம்பிச்சாங்க. பாப்பா அவங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தது.

“அத வுடும்மா,” ன்னுது. “அப்பால நான்தான்னு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதாடி?” ன்னுட்டு அக்கா சேவ் பண்ணிட்டாங்க.

அதே ஃபைல் மேலேயே சேவ் பண்றதுதான் எங்க கடைப் பழக்கம். சிஸ்டம்ல எப்பவும் இடம் இருக்காது. மெமரி கார்டையும் அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சாகணும். எந்த பாஸ்போர்ட் படத்துக்கும் நாங்க ஒரிஜினல் வெச்சுக்கிட்டதில்லை. யாரும் அதைப் பத்தி யோசிச்சதும் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்துல பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குன்னு சொன்னாங்க. அந்த வாரத்தைப் பத்தி நான் எதுவும் எழுதப் போறதில்லை. என்னால முடியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேணுமே. ஐடி கார்டு படத்தையே பெரிசாக்கி ஃப்ரேம் போட்டு, முதலாளியும் நானும் எடுத்துட்டுப் போனோம். அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்து பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டு, “இது யாரு?” ன்னு கேட்டாங்க. துக்கத்துல புத்தி பிசகிடுச்சுன்னு சொந்தக்காரங்க தோளைப் பிடிச்சு உட்கார வெச்சாங்க. புத்தியெல்லாம் பிசகலை. நானும்தான் பார்த்தேனே. வழவழன்னு ஒரு முகம், முழுசா ரெண்டு புருவம். கடைக்கு வந்து ஸ்டூலைச் சுத்தின பொண்ணு அதுல இல்லை.

போன்ல எத்தனையோ படம் இருந்தது. ஆனா இந்தக் காலத்துப் போன் தானாவே முகத்தை வழிச்சு விட்டுடுதே. அதுக்கு மேல பாப்பாவுக்கு ஃபில்டர்னா உசிரு. எல்லாத்துலயும் பூனைக் காது, பூனை மீசை, தலையில பூக்கிரீடம். தையல் போடறதுக்கு முந்தின படங்கள்ல கோடே கிடையாது. இத்தனை படம் இருந்தும் கடைசியாப் பார்த்த முகம் ஒண்ணுலயும் இல்லை.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தப்புறம் மதியம் சாப்பாட்டை மூடி வெச்சுட்டு அந்த ஃபைலைத்தான் திறப்பாங்க. குறைச்ச ஷார்ப்னெஸைத் திரும்ப ஏத்துவாங்க. அது வராது. போனது போனதுதான். ஏத்த ஏத்த மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா வருமே தவிர, அழிச்சது திரும்பாது. கோட்டைக் கையால வரைஞ்சு பார்த்தாங்க. வரைஞ்சது வரைஞ்ச மாதிரியே இருந்தது. எந்த இடத்துல ஆரம்பிக்கும், எவ்வளவு சாயும்னு என்னைக் கேட்பாங்க. எனக்கும் நிச்சயமாத் தெரியலை. பெத்தவங்களுக்கே தெரியாதப்ப நான் எதைச் சொல்றது?

ஒரு புதுப் பழக்கம் வேற வந்தது. உள் ரூம்லேருந்து கவுன்ட்டருக்கு எழுந்து வந்து, படம் எடுத்துக்கிட்டவங்க முகத்தையே பார்த்து, இந்த மச்சம் இருக்கட்டுமா, இந்தத் தழும்பு இருக்கட்டுமான்னு கேட்பாங்க. எடுத்துடுங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இருக்கட்டும்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். அக்கா தலையை ஆட்டிட்டு உள்ளே போய் எடுத்துடுவாங்க.

ஒருநாள் ஸ்டூலைத் துடைச்சுக்கிட்டே என்கிட்ட சொன்னாங்க. சத்தமில்லாத குரல்.

“ஊட்டு செவுத்துல ஒரு பொண்ணு மாட்டிகினு கீது கேமரா. தெனம் பூ போடறேன், வெளக்கு ஏத்தறேன். அது என்னையே பாத்துகினு கீது. அது யாருன்னு எனக்குத் தெரியாது.” ஸ்டூலை ஒரு சுத்து சுத்தி விட்டாங்க. “மின்ன கண்ண மூடினா எம்பொண்ணு வருவா. இப்ப அதுதான் வருது. இன்னும் கொஞ்ச நாள் போனா எம்பொண்ணு மொகம் எனக்கே மறந்துடும்.”

பூந்தமல்லி வீட்டுப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். அந்த வீட்டுல எல்லாரும் என் கண்ணைப் பார்த்து மாமனார்னு நம்பி நிம்மதியா இருக்காங்க. ஊருக்கெல்லாம் அப்படி நம்ப வெச்ச ஆளால தன் வீட்டுச் சுவத்தைப் பார்க்க முடியலை. பாவம்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிட முடியலை எனக்கு.

எப்படியாவது அந்த முகம் ஒண்ணு கிடைச்சாகணும்னு தேட ஆரம்பிச்சேன். பழைய கார்டு, பழைய டிஸ்க் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. அப்போதான் ஆவணி மாசத்துக் கல்யாணம் ஒண்ணு ஞாபகம் வந்தது. பக்கத்து மண்டபம்தான். முதலாளிக்குத் தெரிஞ்சவங்கங்கிறதால கடையோட எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாங்க. அக்கா பாப்பாவோட வந்திருந்தாங்க. நான் பந்தியை எடுத்துக்கிட்டிருக்கும்போது குறுக்கே ஓடி, என் படம் ஒண்ணைக் கெடுத்தது அந்தப் பொண்ணு. ச்சே, ஷேக், படம் ஆடிப் போச்சுன்னு அலுத்துக்கிட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஷேக் ஆன படத்தையெல்லாம் கடையில நானே உட்கார்ந்து அழிச்சிடுவேன், அதுல நான் கறார். ஆனா ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ணச் சொல்லி வீட்டுக்காரங்களுக்கு ஒரு பென் டிரைவ்ல நல்லது கெட்டது எல்லாத்தையும் கொட்டிக் கொடுத்துடுவோம். நான் அழிக்கிறதுக்கு முன்னாடி கொடுத்தது அது.

அந்தக் குடும்பம் முகப்பேர்ல ஹவுசிங் போர்டு ஃப்ளாட். போன் பண்ணேன். கல்யாணப் பொண்ணோட அம்மா எடுத்த எடுப்புலயே மன்னிப்புக் கேட்கிறாங்க. செலக்‌ஷன் இன்னும் முடியலையாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க படம் எத்தனை வைக்கிறதுன்னு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னே போயிருக்கு. கல்யாணப் பொண்ணு வெளிநாடு போய் அவளுக்குக் குழந்தையும் பிறந்தாச்சு, ஆல்பம்தான் பிறக்கலை. வாழ்க்கையில முதல் தடவையா, செலக்‌ஷன் குடுக்காத ஒரு கஸ்டமரைக் கும்பிடணும் போல இருந்தது எனக்கு.

நேர்ல போய் விஷயத்தைச் சொன்னதும் அந்தம்மா வேற பேச்சே பேசாம பென் டிரைவைத் தேடி எடுத்து, அவங்க லேப்டாப்லயே போட்டுக் கொடுத்தாங்க. பந்திப் படங்களை ஒவ்வொண்ணாத் தள்ளிக்கிட்டே வந்தேன். காபி ஆறிப் போச்சு. கிடைச்சது. யாரோ ஒரு பெரியப்பா ரசம் சாதம் பிசையறார், அவர் இலைக்கு முன்னாடி, கையில ஐஸ்கிரீம் கப்போட பாப்பா. தலையைப் பின்னால திருப்பி யாரையோ பார்த்துச் சிரிச்சுக்கிட்டே ஓடுது. முகம் அப்படியே இழுத்து விட்ட மாதிரி. என் ஜென்மத்துல இவ்வளவு மோசமா ஒரு படம் எடுத்ததில்லை. மூக்கு எங்கே முடியுதுன்னு தெரியாது. ஆனா இடது புருவத்துல வெளிப் பாதி மட்டும் தனியா மேலே தூக்கியிருக்கு. நடுவுல வெளிச்சமா ஒரு கீத்து. அந்தம்மா என் தோளுக்குப் பின்னாடி நின்னு அழுதுட்டாங்க. அவங்க பாப்பாவைப் பார்த்ததே கிடையாது.

மறுநாள் காலையில கடை திறந்ததும் பென் டிரைவை அக்காகிட்ட கொடுத்தேன். பெரிசா எதிர்பார்க்காதீங்க, ரொம்ப மோசமான படம்னு முன்கூட்டியே சொல்லி வெச்சேன். அவங்க திறந்தாங்க. நான் அவங்க முகத்தைப் பார்க்கலை, பார்க்கிற தைரியம் இல்லை, கையைத்தான் பார்த்தேன். வலது கை வழக்கம் போல மவுஸைப் பிடிச்சு, அந்த ஷார்ப்னெஸ் இருக்கிற மூலைக்குப் போச்சு. அங்கேயே நின்னுது. அப்புறம் மவுஸை விட்டுட்டு, சால்வைக்குள்ள கையை இழுத்துக்கிட்டாங்க.

“ஓடறா பாரு,” ன்னாங்க.

வெளியே கடையைக் கூட்டற சத்தம் கேட்டுக்கிட்டிருந்தது. வேணும்னா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்துக் கொஞ்சம் ஷார்ப் பண்ணித் தரட்டுமான்னு கேட்டேன். புத்தி போகுது பாருங்க.

“கை வெக்காத கேமரா,” ன்னாங்க.

பிரிண்ட் போட லேபுக்கு அவங்களே போன் பண்ணாங்க. படம் ஷேக் ஆயிருக்கே மேடம்னு அந்தப் பக்கம் சொல்லியிருப்பான் போல. தெரியும், எதுவும் பண்ணாம அப்படியே போடுன்னு சொன்னாங்க. அத்தனை வருஷத்துல அவங்க வாயிலேருந்து ‘அப்படியே’ங்கிற வார்த்தையை நான் கேட்டது அன்னிக்குத்தான்.

வருஷத் திதிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. திருநின்றவூர் ஸ்டேஷன்ல இறங்கி, பூ வாங்கிக்கிட்டுப் போனேன். சுவத்துல புதுப் படம் ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. பழசைக் கழட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன். கழட்டலை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ரெண்டுக்கும் ஒரே அளவு மாலை, ரெண்டு முன்னாடியும் தனித்தனி விளக்கு. ஒண்ணு அசையாம என்னையே பார்க்குது. இன்னொண்ணு யாரையுமே பார்க்காம ஓடுது. எனக்கு ரெண்டுக்கும் நடுவுல நிக்க முடியாம ஓரமாப் போய் நின்னுக்கிட்டேன். இந்தப் பழசை எடுத்துடலாமேக்கான்னு மெதுவாக் கேட்டேன்.

“எடுத்து எங்க அனுப்பறது?” ன்னாங்க அக்கா. “இத்தினி நாளு எம்பொண்ணுக்குப் போட்ட பூவ இவ வாங்கிகினு இருந்தா. நாந்தான கொண்டாந்து வெச்சேன் அவள. நான் போன்னு சொன்னா எங்க போவும்?”

அப்போ மாடிக்குப் புதுசாக் குடி வந்த ஒரு பொண்ணு, விஷயம் தெரியாம, தேங்காய் பழத்தட்டோட உள்ளே வந்தா. சுவத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிப் போச்சு. தட்டை வெச்சுட்டு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டா.

“ரெண்டு பொண்ணுங்களாக்கா?” ன்னு கேட்டா.

சொந்தக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நான் தரையைப் பார்த்தேன். அக்கா மட்டும் நிதானமா ரெண்டு விளக்குலயும் திரியைத் தூண்டி விட்டாங்க.

“ஆமாம்மா,” ன்னாங்க. “பெரியவ அமைதி, வெச்ச எடத்துல இருப்பா. சின்னவதான் ஒரு எடத்துல நிக்க மாட்டா.”